ட்ரினா ஆற்றுப் பாலமும் மெஹ்மத் பாஷாவும்

தோற்றுவாய்

அரசர்கள், அமைச்சர்கள் ஆகியோரின் வரலாறு பெரும்பாலும் போர்க்களங்களைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. வென்ற நாடுகளின் பெயர்களும் வீழ்ந்த கோட்டைகளின் பெயர்களும் ஏடுகளை நிறைத்து நிற்கின்றன. ஆயின், வென்ற நாடுகள் பிறர் கைக்கு மாறிவிடுகின்றன. கோட்டைகள் இடிந்து மண்மேடாகின்றன. வழிநடை மக்களுக்காக வெட்டிய கிணறும், கட்டிய சத்திரமும், ஆற்றின் குறுக்கே எழுப்பிய பாலமும் மட்டுமே, கட்டியவர் பெயரை அறியாத மக்களுக்கும் பல நூற்றாண்டுகள் பயன் தந்து நிற்கின்றன.

இக்கட்டுரையில் நாம் காணவிருக்கும் பெருமகனார் சொகொல்லு மெஹ்மத் பாஷா ஆவார். மெஹ்மத் என்பது முகம்மது என்னும் திருப்பெயரின் துருக்கிய வழக்கு. 16ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசின் தலைமை அமைச்சராக, மூன்று சுல்தான்களின் ஆட்சியில், 14 ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவர் இவர். மூன்று கண்டங்களில் பரந்து கிடந்த பேரரசின் முத்திரையைத் தம் கையில் வைத்திருந்த இவரை அறிந்துகொள்வதற்கு, அவர் பிறந்த மண்ணில், ட்ரினா என்னும் ஆற்றின்மேல் அவர் கட்டுவித்த கற்பாலமே சிறந்த வாயில் என்பது நம் கருத்து. அவர் வாழ்வையும் அப்பாலத்தின் வரலாற்றையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் பிரிவும்

இன்றைய பொஸ்னியா-ஹெர்ஸகோவினா நாட்டின் கிழக்குப் பகுதி மலைகள் செறிந்தது. அம்மலைகளின் இடையே பச்சை நிற நீருடன் விரைந்தோடுவது ட்ரினா ஆறு. இது ஏறத்தாழ 346 கிலோமீட்டர் ஓடிச் சாவா ஆற்றில் கலக்கிறது. இதன் கரையில் அமைந்த சிற்றூர் விஷெகிராட். அதற்கு அண்மையில் உள்ள சொகொலோவிச்சி என்னும் மலைக்கிராமத்தில், 1505ஆம் ஆண்டை ஒட்டி, செர்பிய வைதிகக் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் மெஹ்மத் பாஷா பிறந்தார். சொகோல் என்னும் ஸ்லாவியச் சொல்லுக்கு வல்லூறு என்பது பொருள். அக்கிராமப் பெயரே பின்னர்த் துருக்கிய வடிவம் பெற்று, சொகொல்லு என அவர் பெயரின் முன்னொட்டாக நிலைத்தது.

உதுமானியர் தம் ஆட்சிக்குட்பட்ட பால்கன் பகுதிகளில் கிறித்தவக் குடும்பங்களின் சிறுவர்களைத் திரட்டித் தலைநகருக்கு அனுப்பும் முறையைக் கைக்கொண்டிருந்தனர். தெவ்ஷிர்மே என்பது அம்முறையின் பெயர். திரட்டப்பட்ட சிறுவர்கள் இஸ்லாமிய நெறியிலும் துருக்கிய மொழியிலும் பயிற்றப்பட்டு, சிலர் ஜானிசரி என்னும் காலாட்படையிலும், அறிவிற் சிறந்தோர் அரண்மனைப் பணியிலும் அமர்த்தப்பட்டனர். பிற்காலத்தில் பேரரசின் மிக உயர்ந்த பதவிகளை அடைந்தோருள் பலர் இவ்வழியில் வந்தவர்களே. ஏழைக் குடியானவனின் மகன் அமைச்சனாகும் வாயிலாக இது விளங்கியது என்பது உண்மை. ஆயினும் தாயின் கையிலிருந்து மகனைப் பிரித்தெடுத்த முறை இது என்பதும் அதே அளவு உண்மையாகும். பிற்காலப் பெருமையைக் கொண்டு முற்காலக் கண்ணீரை மறைத்தல் வரலாற்றுக்கு அறமாகாது. மெஹ்மத் பாஷாவும் இவ்வாறு ஊரையும் உறவையும் பிரிந்து சென்ற ஒருவரே. அவர் பிறந்த ஊர்க்கு மீண்டும் அளித்தது எது என்பதை நோக்கும்போது, அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது எது என்பதையும் நாம் நினைவில் கொள்ளல் வேண்டும்.

உயர்ந்த படிகள்

எதிர்னே நகர அரண்மனையிலும் பின்னர் இஸ்தான்புல் அரண்மனையிலும் கல்வி பெற்ற அவர், படிப்படியாக உயர்ந்தார். புகழ்பெற்ற கடற்படைத் தலைவர் ஹைருத்தீன் பார்பரோசா 1546இல் மறைந்தபோது, அப்பதவி மெஹ்மத் பாஷாவுக்கு வழங்கப்பட்டது. 1551இல் பால்கன் பகுதியை உள்ளடக்கிய ருமேலியாவின் ஆளுநராக விளங்கினார். அடுத்து வசீர்கள் அவையில் இடம்பெற்று, 1565இல் தலைமை வசீரானார். 1562இல் அரச குடும்பத்து இளவரசியும், சுல்தான் சுலைமானின் மகன் வழிப் பேர்த்தியுமான இஸ்மிஹானை மணந்திருந்தார்.

இவ்வளவு உயர்ந்த பின்னரும் அவர் தம் வேரை மறந்தாரல்லர். 1557ஆம் ஆண்டு, செயலற்றுப் போயிருந்த செர்பியத் திருச்சபையின் பெச் நகரத் தலைமைப்பீடம் மீண்டும் நிறுவப்பட்டது. அப்போது வசீர்களுள் ஒருவராக இருந்தவர் மெஹ்மத் பாஷா. அப்பீடத்தின் முதல் தலைவராக அமர்ந்த மகாரியே அவருடைய நெருங்கிய உறவினர். உடன்பிறந்தவர் என்றும், உடன்பிறந்தாரின் மகன் என்றும் இருவகையாகக் கூறுவர். ஒரே குடும்பத்தில் ஒருவர் முஸ்லிம் பேரரசின் அமைச்சராகவும் மற்றொருவர் கிறித்தவத் திருச்சபையின் தலைவராகவும் விளங்கிய இந்நிலை ஆழ்ந்து எண்ணத்தக்கது. நெறி வேறானபோதும் உறவு அறுந்துவிடவில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மறைத்துக் காத்த செய்தி

மெஹ்மத் பாஷாவின் மதிநுட்பத்துக்குச் சான்றாக வரலாற்றாசிரியர் அனைவரும் குறிப்பிடுவது 1566ஆம் ஆண்டு நிகழ்ச்சியாகும். ஹங்கேரியின் சிகெத்வார் கோட்டையை உதுமானியப் படை முற்றுகையிட்டிருந்தது. முதுமையும் நோயும் வருத்திய நிலையிலும் சுல்தான் சுலைமான் படையுடன் வந்திருந்தார். கோட்டை வீழ்வதற்குச் சற்று முன்னர், செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், தம் கூடாரத்திலேயே அவர் உயிர் நீத்தார்.

பகைவர் நாட்டில் நிற்கும் பெரும்படைக்கு, அரசர் இறந்த செய்தி எட்டினால் என்ன நேரும்? படை கலையலாம், கலகம் மூளலாம், அரியணைக்குப் போட்டி எழலாம். மெஹ்மத் பாஷா அச்செய்தியை ஏறத்தாழ ஏழு வாரங்கள் வெளிவராமல் காத்தார். சுல்தான் உயிருடன் இருப்பதுபோலவே ஆணைகள் வெளிவந்தன. இதற்கிடையே இளவரசர் சலீமுக்கு மறைவாகத் தூது சென்றது. புதிய சுல்தான் பெல்கிரேடு நகரை அடைந்த பின்னரே படைக்கு உண்மை தெரிவிக்கப்பட்டது. உள்நாட்டுப் போர் ஒன்று தொடங்காமலே முடிந்தது.

நிறைவேறாத பெருங்கனவுகள்

இரண்டாம் சலீமின் ஆட்சியில் அரசுப் பொறுப்பு முழுவதும் மெஹ்மத் பாஷாவின் தோளிலேயே விழுந்தது. 1568இல் ஹாப்ஸ்பர்க் பேரரசுடன் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்பின் அவர் கருத்து நீர்வழிகளின்பால் சென்றது. இந்துமாக்கடலில் போர்த்துக்கீசியரின் ஆதிக்கம் ஓங்கியிருந்த காலம் அது. நம் கடற்கரை மரைக்காயர்களின் வணிகத்தையும் நலியச் செய்த அதே ஆதிக்கத்தை எதிர்க்க, சுமத்ராவின் அச்சே சுல்தான் இஸ்தான்புல்லிடம் உதவி வேண்டித் தூது அனுப்பினார். மத்தியதரைக் கடலில் நிற்கும் கப்பல்கள் செங்கடலுக்கு வர வழியில்லை. எனவே சூயஸ் நிலப்பகுதியில் கால்வாய் வெட்ட இயலுமா என ஆராயுமாறு 1568இல் எகிப்தின் ஆளுநருக்கு ஆணை சென்றது. அடுத்த ஆண்டே தோன் ஆற்றையும் வோல்கா ஆற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பணி தொடங்கப்பட்டது. கருங்கடலிலிருந்து காஸ்பியன் கடலுக்கு வழி காண்பதும், நடு ஆசியாவிலிருந்து ஹஜ்ஜுக்கு வருவோரின் பாதையைத் திறந்து வைப்பதும் அதன் நோக்கங்களுள் அடங்கும்.

இரண்டுமே நிறைவேறவில்லை. தோன்-வோல்கா பணி தொடங்கிய 1569ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்டது. சூயஸ் கால்வாய் ஆணையளவில் நின்றது. சூயஸ் கால்வாய் 1869இலும், வோல்கா-தோன் கால்வாய் 1952இலுமே திறக்கப்பட்டன. அவர் எண்ணத்தை உலகம் எட்டிப் பிடிக்க மூன்று நூற்றாண்டுகளும் அதற்கு மேலும் தேவைப்பட்டன.

சைப்பிரஸ் தீவின்மீது படையெடுப்பதை அவர் விரும்பவில்லை. ஐரோப்பிய அரசுகள் ஒன்றுகூடி எதிர்க்கும் என அஞ்சினார். அவர் சொல் அவையில் எடுபடவில்லை, அஞ்சியவாறே நேர்ந்தது. தீவு கைக்கு வந்தபோதிலும், 1571 அக்டோபர் 7ஆம் நாள் லெபாந்தோ கடற்போரில் உதுமானியக் கடற்படை பேரழிவுக்கு உள்ளாயிற்று. தாம் வேண்டாமென்று தடுத்த போரின் இழப்பைச் சரிசெய்யும் பொறுப்பு மீண்டும் அவரையே சார்ந்தது. ஒரே குளிர்காலத்தில் சுமார் 150 போர்க்கப்பல்களைக் கட்டுவித்து, 1572ஆம் ஆண்டு கோடையில் புதிய கடற்படையைக் கடலில் இறக்கினார்.

பாலம் எழுந்த வரலாறு

லெபாந்தோ போர் நிகழ்ந்த அதே 1571ஆம் ஆண்டில்தான் விஷெகிராட்டில் பாலப் பணியும் தொடங்கியது என்பது நாம் கருதிப் பார்க்கத்தக்கது. ஒருபுறம் மரக்கலங்கள் கடலில் எரிந்து மூழ்கின. மறுபுறம் மலையாற்றில் கல்மேல் கல் ஏறியது.

பொஸ்னியாவிலிருந்து இஸ்தான்புல் செல்லும் நெடுவழி ட்ரினா ஆற்றை இவ்விடத்தில் கடந்தது. மலையில் மழை பெய்தாலும் பனி உருகினாலும் ஆறு பெருக்கெடுக்கும். வணிகரும் பயணிகளும் நோயாளரும் கரையில் காத்துக் கிடக்க வேண்டும். இவ்வழியில் ஒரு பாலத்தையும், வழிப்போக்கர் தங்கும் கல்சத்திரத்தையும் தம் அறக்கொடையாக அமைக்க மெஹ்மத் பாஷா முன்வந்தார். பணியை ஏற்றவர் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான். இவரும் தெவ்ஷிர்மே முறையில் அனத்தோலியாவின் கைசேரிப் பகுதியிலிருந்து திரட்டப்பட்டவர். 1539 முதல் 1588இல் மறையும்வரை அப்பதவியில் இருந்து, பள்ளிவாசல்கள், பாலங்கள், நீர்வழிகள் எனப் பல நூறு கட்டடங்களை உருவாக்கியவர். ஆகவே, சிறுவயதில் ஊர்விட்டுப் பிரிக்கப்பட்ட இருவருடைய கூட்டுப் படைப்பே இப்பாலம் எனலாம்.

பாலத்தின் நீளம் 179.5 மீட்டர். 11 கல் வளைவுகள் அதனைத் தாங்குகின்றன. ஒவ்வொரு வளைவின் அகலமும் 11 முதல் 15 மீட்டர் வரை அமையும். கல் வளைவின் நுட்பம் எளியது, ஆனால் வியக்கத்தக்கது. மேலிருந்து அழுத்தும் சுமை ஒவ்வொரு கல்லையும் அடுத்த கல்லோடு இறுக்குகிறது. எனவே சுமை ஏற ஏற, ஓரளவு வரை, வளைவு உறுதியே பெறுகிறது. அவ்வழுத்தம் தூண்களின் வழியாக ஆற்றுப்படுகையில் இறங்குகிறது. வெள்ளத்தை எதிர்கொள்ளும் தூண்களின் முகப்பு கூர்மையாக அமைந்து, நீரை இருபுறமும் பிளந்து அனுப்புகிறது. இடக்கரையில் நான்கு வளைவுகள் கொண்ட சாய்வுப் பாதை ஒன்று, பாலத்துக்குச் செங்கோணமாகத் திரும்பி இறங்குகிறது.

பாலத்தின் நடுவே இருபுறமும் சற்று அகன்ற இடம் உண்டு. ஒருபுறம் கல்லால் அமைந்த இருக்கை. எதிர்ப்புறம் உயர்ந்த கற்சுவரில் கல்வெட்டு. கட்டுவித்தவர் பெயரைக் கூறும் அக்கல்வெட்டின் துருக்கியச் செய்யுளை இயற்றியவர் நிஹாதி என்னும் கவிஞர். கடந்து செல்வதற்காகக் கட்டிய பாலத்தில், அமர்ந்து இளைப்பாறவும் இடம் வைத்த பண்பு பாராட்டத்தக்கது. நம் நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நட்டவர்களின் உள்ளமும் இத்தகையதே.

1577ஆம் ஆண்டளவில் பணி நிறைவுற்றது. இஸ்லாமிய மரபில் இத்தகைய அறங்கள் வக்ஃபு என்னும் நிலைக்கொடையாக அமைக்கப்படும். ஒருவர் இறந்த பின்னரும் அவர் செய்த அறத்தின் பயன் நின்று நிலவும் என்பதே ஸதக்கா ஜாரியா என்னும் கோட்பாட்டின் உட்பொருள். பாலத்தின்மேல் நடப்பவர் எந்நெறியினர், எம்மொழியினர் என எவரும் கேட்பதில்லை. முஸ்லிம் வணிகனும், கிறித்தவக் குடியானவனும், ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு பால்கனில் குடியேறிய யூதனும் ஒரே கல்லில் கால் வைத்தே ஆற்றைக் கடந்தனர்.

இறுதி நாட்கள்

1574இல் சலீம் மறைய, மூன்றாம் முராது அரியணை ஏறினார். தலைமை வசீர் பதவி நீடித்தபோதிலும், அரண்மனையில் பாஷாவின் செல்வாக்கு குறையலாயிற்று. அவர்க்கு நெருங்கியோர் பதவி இழந்தனர். புடா நகர ஆளுநராக இருந்த அவர் உறவினர் முஸ்தபா பாஷா 1578இல் சுல்தானின் ஆணையால் கொல்லப்பட்டார். 1579 அக்டோபரில், மெஹ்மத் பாஷா தம் இல்லத்தில் மக்களின் முறையீடுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். தர்வேஷ் கோலத்தில், மனுக்கொடுப்பவன் போல நெருங்கிய ஒருவன் கத்தியால் குத்தினான். எளியோர் தம்மை அணுகுவதற்குத் திறந்து வைத்த வாயில் வழியாகவே அவருக்கு மரணம் வந்தது. இஸ்தான்புல்லின் அய்யூப் பகுதியில், சினான் கட்டிய அடக்கத்தலத்தில் அவர் துயில் கொள்கிறார்.

பாலம் கண்ட நூற்றாண்டுகள்

அவருடைய சத்திரம் மறைந்தது. பேரரசும் மறைந்தது. பாலம் நின்றது. 1878இல் பொஸ்னியா ஆஸ்திரிய-ஹங்கேரியின் ஆட்சிக்கு உட்பட்டது. 1896ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தையும் பாலம் தாங்கியது. வெள்ளத்துக்கு அசையாத வளைவுகள் வெடிமருந்துக்கு அசைந்தன. முதல் உலகப்போரில் மூன்று வளைவுகள் அழிந்தன. இரண்டாம் உலகப்போரில் ஐந்து வளைவுகள் சேதமுற்றன. 1950களின் தொடக்கத்தில் அவை சீரமைக்கப்பட்டன.

விஷெகிராட்டில் இளமையைக் கழித்த எழுத்தாளர் ஈவோ ஆந்திரிச், இப்பாலத்தையே தலைமை மாந்தராகக் கொண்டு எழுதிய நாவல் 1945இல் வெளிவந்தது. பாலம் எழுந்த காலம் தொட்டு 1914இல் வெடிவைத்துத் தகர்க்கப்படும் வரையிலான வாழ்வை அந்நூல் பேசுகிறது. 1961இல் ஆந்திரிச் நோபல் பரிசு பெற்றார். 2007இல் யுனெஸ்கோ நிறுவனம் இப்பாலத்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

இப்பெருமைகளோடு நாம் நிறுத்திக்கொள்ள இயலாது. 1992ஆம் ஆண்டு பொஸ்னியப் போர் மூண்டபோது, விஷெகிராட் வட்டாரத்து மக்களுள் பெரும்பான்மையினர் போஸ்னியாக் முஸ்லிம்கள். அவ்வாண்டின் வசந்த, கோடைக்காலங்களில் செர்பிய ஆயுதக் குழுவினர் அவர்களுள் பலரை இப்பாலத்துக்குக் கொண்டுவந்து கொன்று ஆற்றில் எறிந்தனர். பெண்களும் குழந்தைகளும் முதியோரும் வீடுகளில் அடைக்கப்பட்டு எரிக்கப்பட்டனர். ஹேக் நகரில் அமைந்த பன்னாட்டு நீதிமன்றம் இக்கொடுமைகளை விசாரித்து, 2009இல் தலைமைக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2010இல் பெருச்சாட்ஸ் அணைத் தேக்கத்தின் நீர் வடிக்கப்பட்டபோது, சேற்றிலிருந்து பலருடைய எலும்புகள் மீட்கப்பட்டன. உயிர் பிழைத்தோரும் உறவினரும் அப்பாலத்தில் கூடி, ரோஜா மலர்களை ஆற்றில் இட்டு மாண்டோரை நினைவுகூர்ந்து வந்துள்ளனர்.

நிறைவுரை

இங்கே நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது. இருகரை மக்களையும் இணைப்பதற்காக ஒருவர் தம் பொருளைக் கொடுத்துக் கட்டிய பாலம், அம்மக்களுள் ஒரு சாராரின் கொலைக்களமாக மாறிய பின், அவருடைய அறம் பொய்த்துவிட்டதா?

பொய்க்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். கல் தன் கடமையை நாலரை நூற்றாண்டுகளாகச் செய்து வருகிறது. சுமந்த சுமையில் அது வேறுபாடு காட்டியதில்லை. தவறியவர்கள் அதன்மேல் நடந்த மனிதர்களே. பாலத்தை ஒருவர் ஒருமுறை கட்டிவிடலாம். அது எதற்காகக் கட்டப்பட்டதோ அக்கருத்தை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கட்டிக்கொள்ள வேண்டும். கல்லைச் செப்பனிடத் தச்சரும் பொறியாளரும் உண்டு. உறவைச் செப்பனிட அண்டை வீட்டாரைத் தவிர வேறு எவரும் இல்லை.

மெஹ்மத் பாஷா வெட்ட நினைத்த கால்வாய்களைப் பிறர் வெட்டினர். அவர் கட்டிய கப்பல்கள் மக்கிப்போயின. ஒரு குடும்பத்தின் இரு நெறியினரும் பகையின்றி வாழ இயலும் என்பதை அவர் வாழ்வு காட்டிற்று. எந்நெறியினரும் நடப்பதற்கு உரியது பொதுவழி என்பதை அவர் பாலம் காட்டி நிற்கிறது. பல ஊர்களிலிருந்தும் பல குடும்பங்களிலிருந்தும் வந்து ஒரே வகுப்பறையில் அமர்ந்திருக்கும் நம் மாணவச் செல்வங்கள், நாளை அலுவலராகவும் ஆசிரியராகவும் வணிகராகவும் ஊர்தோறும் செல்லவிருக்கின்றனர். அவரவர் ஊரிலும் கடக்க வேண்டிய ஆறு ஒன்று உண்டு. அதன்மேல் இடும் கல் சிறிதாயினும், கடப்பவர் யாரென்று கேளாமல் இடுவார்களாக.